ஒரே மனுவில் மூன்று திருத்தம் கேட்காதீர்கள், ஐயா

கடலூர் மாவட்டத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து முன்னாள் ஹவில்தார் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், ரெஜிமென்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

1984 பிப்ரவரியில் ராணுவத்தில் சேர்ந்து, சேவைக்காலம் முடிந்து 2008 பிப்ரவரியில் ஓய்வு பெற்றவர். தன் பதிவில் மூன்று பிழைகள் இருப்பதாகச் சொல்கிறார். முதலாவது மனைவி பெயர். ஓய்வூதிய ஆணையில், அதாவது பிபிஓவில், 'விஜயா' என்று இருக்கிறது; பள்ளிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் 'விஜயலட்சுமி'. (இரண்டுமே நான் மாற்றிப் போட்ட பெயர்கள்.) அந்த அம்மாவின் பிறந்த தேதியும் 1-1-1970 என்று யாரோ கடமைக்கு எழுதியது. இரண்டாவது, இவருடைய பிறந்த தேதி. படைப் பதிவில் 10-4-1966, ஜாதகத்தில் 15-6-1968, ஆதாரிலும் அந்த 1968தான். மூன்றாவது, 1997-ல் காஷ்மீரில் டியூட்டியில் போன வண்டி கவிழ்ந்து வலது முழங்காலில் அடிபட்டு இரண்டு மாதம் ராணுவ மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். ஆனால் ஊனத்துக்கென்று எதுவும் கிடைக்கவில்லை. "ரிலீஸ் மெடிக்கல் போர்டில் கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை தெரியாது" என்கிறார். (ஓய்வில் அனுப்பும்போது நடக்கிற மருத்துவக் குழுப் பரிசோதனைதான் அந்த போர்டு.)

இந்த மூன்றையும் ஒரே மனுவில் எழுதி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் ஒரு பிரதி, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு ஒன்று, ரெஜிமென்ட் ஆவண அலுவலகத்துக்கு சாதா தபாலில் இரண்டு தடவை என்று அனுப்பியிருக்கிறார். பதில் இல்லை. வீட்டில் இருந்த பழைய காகிதங்களில் பாதி, 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது ட்ரங்க் பெட்டியோடு நனைந்து போய்விட்டன. இப்போது தெரிந்தவர் ஒருவர், கடலூர் முன்சீஃப் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டு மூன்றுக்கும் சேர்த்துத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு போனால் ராணுவம் மறுபேச்சுப் பேசாமல் திருத்தும் என்று சொல்லி, மனுகூடத் தயாராக இருக்கிறதாம். "கெஜட்டிலும் போட்டுவிடலாம் என்கிறார். 24 வருஷம் உழைத்தவனுக்கு ரெண்டு எழுத்தைத் திருத்த இவ்வளவு அலைச்சலா? வழக்குப் போட்டால் ஜெயிக்குமா?" என்பது அவர் கேள்வி.

ஐயா, வணக்கம். உங்கள் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வழக்கை இப்போது போடாதீர்கள். உங்களுடைய மூன்று பிழைகளும் மூன்று வேறு வேறு சங்கதி. மனைவி பெயர் என்பது எழுத்தர் மட்டத்தில் தீரக்கூடிய திருத்தம். பிறந்த தேதி என்பது சட்டம் ஏறக்குறைய மூடி வைத்திருக்கிற கதவு. முழங்கால் விஷயம் திருத்தமே கிடையாது, அது ஓர் உரிமைக் கோரிக்கை. மூன்றையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பிரிக்கிற ஆள் பிறந்த தேதி பத்தியைப் படிக்கிறார், "இது ஆகாது" என்று ஓரத்தில் குறிக்கிறார், மொத்த மனுவும் அந்தக் குறிப்போடு ஒரு ஃபைலுக்குள் போகிறது. சுலபமாக முடிந்திருக்க வேண்டிய மனைவி பெயரும் அதோடு சேர்ந்து தூங்குகிறது. பதில் வராததற்கு இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் இப்படிப்பட்ட மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கலெக்டருக்கும் தனிப்பிரிவுக்கும் போட்டதில் குற்றமில்லை, பலனும் இல்லை. உங்கள் சேவைப் பதிவில் கை வைக்கும் அதிகாரம் மாநில அரசில் யாருக்கும் கிடையாது. ஜேசிஓ எனப்படும் இளநிலை அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் அது அவரவர் ரெஜிமென்ட் அல்லது கோரின் ஆவண அலுவலகத்தில்தான் இருக்கிறது: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) என்றால் பெங்களூரு, சிக்னல்ஸ் ஜபல்பூர், ஆர்ட்டிலரி நாசிக், இஎம்இ (மின்னணு, இயந்திரப் பொறியாளர் கோர்) செகந்திராபாத். அங்கே பதிவு திருந்தினால்தான், பிரயாக்ராஜில் இருக்கிற பாதுகாப்புக் கணக்கு (ஓய்வூதியம்) அலுவலகம் பிபிஓவுக்குத் திருத்த ஆணை போடும், ஸ்பர்ஷ் என்கிற ஆன்லைன் ஓய்வூதியத் தளத்திலும் மாறும். நீங்களே ஸ்பர்ஷுக்குள் போய் மாற்றிவிடலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கோரிக்கையை அதில் ஏற்றலாம், அவ்வளவுதான். ஒப்புதல் ஆவண அலுவலகத்திலிருந்துதான் வர வேண்டும்.

மனைவி பெயர்: இதுதான் அவசரம்

நீங்கள் கடிதத்தில் இதை முதலில் சொன்னாலும் நாலு வரியில் முடித்துவிட்டீர்கள், மிச்ச மூன்று பக்கமும் பிறந்த தேதிக்கும் முழங்காலுக்கும் போய்விட்டது. நான் தலைகீழாக வரிசைப்படுத்துவேன். உங்களுக்கு மாதாமாதம் பென்சன் வந்துகொண்டுதான் இருக்கிறது, நீங்கள் இருக்கிற வரைக்கும் இந்தப் பெயர்ப் பிழை உங்களை ஒன்றும் செய்யாது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: உங்களுக்குப் பிறகு, குடும்ப ஓய்வூதியம் வாங்கப் போகிற அந்த அம்மாதான், 'விஜயா' என்கிற பெண்ணும் தானும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். அன்றைக்குக் கையெழுத்துப் போட நீங்கள் இருக்க மாட்டீர்கள். பண்ருட்டிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, கணவர் போன பிறகு பெயரில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசத்துக்காக 14 மாதம் அஃபிடவிட், வாரிசுச் சான்று, விஏஓ கையெழுத்து என்று அலைந்தார். கணவர் உயிரோடு இருந்தபோது அவரே ஒரு மனு கொடுத்திருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் முடிந்திருக்கும்.

இங்கே ஒரு தவறான நினைப்பைத் திருத்திவிடுகிறேன். கெஜட்டில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. அரசிதழில் வருவது பெயர் 'மாற்றம்'. அதாவது இன்று முதல் விஜயா என்பவர் விஜயலட்சுமி ஆகிறார் என்று அறிவிப்பது. உங்கள் மனைவியோ பெயரை மாற்றவே இல்லை. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் விஜயலட்சுமிதான். 1991-ல் கல்யாணம் முடிந்து யூனிட்டுக்குத் திரும்பி, பார்ட் டூ ஆர்டருக்கு, அதாவது குடும்ப விவரங்களைப் பதிகிற யூனிட் உத்தரவுக்கு, விவரம் கொடுத்தபோது வீட்டில் கூப்பிடுகிற பெயரை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், கிளார்க் எழுதிக்கொண்டார். (நம்மில் எத்தனை பேர் இப்படிச் செய்திருக்கிறோம்!) ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது 'திருத்தம்'. கெஜட்டில் போட்டால் முன்பு விஜயா என்பதே சரியான பெயர் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அப்புறம் 1980-களின் பள்ளிச் சான்றில் எப்படி விஜயலட்சுமி வந்தது என்று இன்னொரு கேள்வி கிளம்பும். ஆவண அலுவலகமே எழுத்தில் கெஜட் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இதுதான். கடலூரில் இருக்கிற மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு. பதிவைத் திருத்துவது அவர்கள் வேலை இல்லை, ஆனால் உங்கள் ஆவண அலுவலகம் கேட்கிற படிவம் என்ன, அஃபிடவிட் நோட்டரி முன்னால் போதுமா மாஜிஸ்திரேட் முன்னால் வேண்டுமா, பத்திரிகை விளம்பரம் கேட்கிறார்களா என்பதெல்லாம் அங்கே தெரியும். ஆளுக்கு ஆள், ரெஜிமென்ட்டுக்கு ரெஜிமென்ட் கொஞ்சம் மாறும் என்பதால் நான் இங்கே ஒரு பட்டியல் போட்டு உங்களைக் குழப்ப விரும்பவில்லை. அவர்கள் சரிபார்த்து முத்திரையோடு அனுப்புகிற மனுவுக்கு, நீங்கள் தனியாகத் தபாலில் போடுகிற மனுவைவிட மதிப்பு அதிகம். காசு கிடையாது. ஒரு விஷயம்: உங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லைக்குள் இருப்பதால்தான் கடலூர் என்றேன். நாலு தெரு தள்ளி பாகூர் பக்கம் இருந்திருந்தால் புதுச்சேரியின் நலத்துறைக்குப் போக வேண்டும். தெரு ஒரு மாநிலத்திலும் வாய்க்கால் இன்னொரு மாநிலத்திலும் இருக்கிற நம்ம பக்கத்தில் இதில் ஏமாந்து இரண்டு இடத்துக்கும் அலைந்தவர்கள் உண்டு, ஆதாரில் இருக்கிற முகவரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அஃபிடவிட்டில் வாசகம் முக்கியம். "பெயரை மாற்றிக்கொண்டோம்" என்று வரக்கூடாது. "படைப் பதிவில் விஜயா என்றும் பள்ளிச் சான்றிலும் ஆதாரிலும் விஜயலட்சுமி என்றும் குறிப்பிடப்படுபவர் ஒருவரே, அவர் என் சட்டப்படியான மனைவி, திருமணத்தின்போது விவரம் தந்ததில் ஏற்பட்ட பிழை" என்று நேராக இருக்கட்டும். பிறந்த தேதித் திருத்தத்தையும் இதே மனுவில் கேளுங்கள், இது மனைவியுடையது, ஒரே சான்றுதான், அதனால் பிரிக்க வேண்டியதில்லை. அந்த அம்மா பிறந்தது புதுச்சேரிப் பகுதியில் என்பதால் பிறப்புப் பதிவு அங்கேதான் இருக்கும். பிறப்புச் சான்று எடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பள்ளிச் சான்று போதும் என்று மன்றாடலாம். புதுச்சேரியில் பழைய சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், பிரெஞ்சுப் பென்சனுக்காக எத்தா சிவில் என்கிற பிறப்பு, திருமணப் பதிவுக் காகிதத்தில் ஓர் எழுத்து பிசகினாலும் எப்படித் தவம் கிடந்தார்கள் என்று கதை கதையாகச் சொல்வார்கள். அதை நினைத்தால் நம்முடையது லேசுதான்.

திருமணத்தைப் பதிவு செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதும் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். 1991-ல் கோயிலில் கட்டிய தாலிக்கு இப்போது எதற்குச் சர்டிபிகேட் என்று வெட்கப்படாதீர்கள். சரியான பெயரோடு ஒரு திருமணச் சான்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அப்படியே பிள்ளைகள் பெயர், பிறந்த தேதி பதிவில் எப்படி இருக்கிறது என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

உங்கள் பிறந்த தேதி: இதை விட்டுவிடுங்கள்

இதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். பள்ளியில் சேர்க்கும்போது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, வாத்தியார் குத்துமதிப்பாக ஒரு தேதி எழுதினார், அந்தத் தேதியே எஸ்எஸ்எல்சி புத்தகத்துக்கும் அங்கிருந்து ராணுவத்துக்கும் போனது, அம்மா சொன்ன தேதியும் ஜாதகமும் வேறு. நீங்கள் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன். உங்கள் வயதில் இருக்கிற பாதிப் பேருக்கு இதே கதைதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். 1984 பிப்ரவரியில் 1966 தேதிப்படி உங்களுக்கு 17 வயது 10 மாதம். 1968 தேதிப்படி 15 வயது 8 மாதம். அதாவது, சிப்பாயாகச் சேரும் வயதே வராமல் தவறான தேதி காட்டிச் சேர்ந்தேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டு, அஃபிடவிட்டாக, சத்தியம் செய்து ஆவண அலுவலகத்துக்கு அனுப்புகிறீர்கள். இந்த வயதில் அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் பென்சனைப் பிடுங்க வருவார்கள் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் மற்ற இரண்டு கோரிக்கையையும் கையில் வைத்துக்கொண்டு இப்படி ஒரு காகிதத்தை நாமாகக் கொண்டுபோய்க் கொடுப்பானேன்?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 1993-ல் ஹர்னாம் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம், சேவையில் பல பத்தாண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு நெருங்கும்போது பிறந்த தேதியை மாற்றக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வந்த எத்தனையோ தீர்ப்புகளும் அதே வழிதான். அவர்களாவது வேலையில் இருந்தபோது கேட்டவர்கள். நீங்கள் ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்துக் கேட்கிறீர்கள்.

"இரண்டு வருஷ சர்வீஸ் போச்சு, நாயப் சுபேதார் ஆகியிருப்பேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரியில்லை, ஐயா. 2008-ல் உங்களை வெளியே அனுப்பியது சேவைக்காலக் கணக்கு. பதிவில் இருக்கிற தேதிப்படி பார்த்தாலும் அன்றைக்கு உங்களுக்கு 42 முடியவில்லை, வயது எங்கேயும் குறுக்கே வரவில்லை. பதவி உயர்வு கிடைக்காத ஆற்றாமையைப் பிறந்த தேதியின் தலையில் கட்டுகிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். 80 வயது தொடும்போது அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், 85-ல் 30, 90-ல் 40 என்று ஏறும். 1966 தேதிப்படி அந்த 20 சதவீதம் உங்களுக்கு 2046 ஏப்ரலில் தொடங்கும். 1968 ஆக்கினால் 2048 ஜூன். ஜெயித்தால் இரண்டு வருடத்துக்கு மேல் நஷ்டம். இதற்காகவா வழக்கு?

உண்மையான சிக்கல், ஆதாரும் படைப் பதிவும் ஒத்துப்போகாததால் வருகிற தொல்லை. அதற்கு மலையை நகர்த்த வேண்டாம், ஆதாரை நகர்த்துங்கள். முகாமில் பையன் ஜாதகத் தேதியைச் சொல்லிப் பதிந்தது அது. எஸ்எஸ்எல்சி சான்றைக் கொண்டுபோய் ஆதாரில் 10-4-1966 என்று மாற்றிக்கொள்ளுங்கள். பிறந்த தேதியை ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள், ஆகவே அங்கே உட்கார்ந்து ஒப்புகைச் சீட்டில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். ஆதாரில் இருப்பதே சட்டப்படியான வயது என்று நீங்கள் நினைப்பதும் தவறு. 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், வயதுக்கு ஆதாரை விடப் பள்ளிச் சான்றே சரியான ஆதாரம் என்றது. உங்கள் பள்ளிச் சான்றும் படைப் பதிவும் ஒரே தேதியைச் சொல்கின்றன. ஜாதகம் ஜாதகமாக இருந்துவிட்டுப் போகட்டும், அறுபதாம் கல்யாணத்தை எந்தத் தேதிப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

1997 விபத்து: முதலில் காகிதம், அப்புறம் சண்டை

இதில்தான் உங்களுக்கு ஏதாவது கிடைக்க வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்ட விதத்தில் கிடைக்காது. "பதிவில் விபத்தைச் சேர்க்கவும்" என்று மனு போட்டால் யாரும் சேர்க்க மாட்டார்கள், சேர்க்கவும் முடியாது. ராணுவம் அன்றைக்கே எழுதி வைத்திருக்க வேண்டிய காகிதங்கள் சில உண்டு. அடிபட்டதற்கான காயம் பற்றிய அறிக்கை, ஐஏஎஃப்ஒய்-2006 என்கிற படிவம். அதில் உங்கள் கமாண்டிங் ஆபீசர் டியூட்டியில் ஏற்பட்ட காயமா இல்லையா என்று எழுதியிருப்பார். நீங்கள் சொல்கிற கோர்ட் ஆஃப் என்கொயரி, அதாவது ராணுவத்தின் உள்விசாரணை. அதன் பிறகு உங்களை 'சி' கேட்டகரியில், அதாவது உடல்தகுதி குறைந்த பிரிவில், வைத்ததாகச் சொல்கிறீர்களே, அந்த மெடிக்கல் போர்டு. கடைசியாக 2008-ல் ரிலீஸ் மெடிக்கல் போர்டு, ஏஎஃப்எம்எஸ்எஃப்-16. "ரெக்கார்டில் விபத்தே இல்லை" என்று உங்களுக்குச் சொன்னது நல அலுவலகத்தில் பார்த்த நண்பர்தானே, அவர் பார்த்தது டிஸ்சார்ஜ் புத்தகமாகத்தான் இருக்கும். அதில் விபத்து இருக்காது. இருக்க வேண்டிய இடம் வேறு.

ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆவண அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம், 10 ரூபாய் கட்டணம், அடையாள அட்டை நகல். மேலே சொன்ன காகிதங்களின் நகல்களையும், ஊன ஓய்வூதியம் பற்றி ஏதாவது முடிவு எடுக்கப்பட்டிருந்தால் அந்த ஆணையையும் அது உங்களுக்கு அனுப்பப்பட்டதற்கான பதிவையும் கேளுங்கள். "எனக்கு ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் கிடையாது, காகிதத்துக்குத்தான் உண்டு. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதற்கு வக்கீல் தேவையில்லை. பென்சன் இல்லாமல் வந்தவர்களின் சேவை ஆவணங்களை 25 வருடம் கழித்து அழித்துவிட்டு லாங் ரோல் என்கிற சுருக்கப் பேரேட்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நீங்கள் பென்சனர், அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனாலும் 1997 மருத்துவமனைக் காகிதம் இன்னும் பத்து வருடம் உங்களுக்காகக் காத்திருக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். புயலில் நனைந்த ட்ரங்க் பெட்டியில் மிஞ்சியதாகச் சொன்ன அந்த மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, பாதி அழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிப்போன தாளைப் பிரிக்காமல் அப்படியே வெளிச்சத்தில் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள்.

காகிதம் வந்த பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். ரிலீஸ் போர்டில் ஊனம் 20 சதவீதமோ அதற்கு மேலோ என்று போட்டு, ஆனால் 'சேவையால் ஏற்பட்டது அல்ல' என்று எழுதியிருந்தால், உங்கள் காய அறிக்கையை வைத்து மேல்முறையீடு செய்யலாம். நல்ல வழக்கு. சேரும்போது உடம்பில் குறை இல்லை என்றால் பின்னால் வந்தது சேவையால் என்று கொள்ள வேண்டும் என்று 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது நோயைப் பற்றி வந்தது. காயத்துக்கு, அன்றைக்கு நீங்கள் டியூட்டியில் இருந்தீர்கள் என்ற காகிதமே பெரிய ஆயுதம். இப்படி ஜெயித்தால், 2014 டிசம்பரில் வந்த ராம் அவதார் தீர்ப்புப்படி 50-க்குக் குறைவான சதவீதத்தை 50 என்று கணக்கிட்டுக் கொடுப்பதும் உங்களைப் போல் சேவைக்காலம் முடித்து வந்தவர்களுக்குப் பொருந்தும்.

ஊனம் 20-க்குக் கீழே, அதாவது 11, 14 என்று போட்டிருந்தால் கஷ்டம். சேவைக்காலம் முடித்து வந்தவருக்கு 20 சதவீதம் என்பது வாசற்படி. ஊனத்தாலேயே இடையில் அனுப்பப்பட்டவர்களுக்குச் சாதகமாக வந்த தீர்ப்புகளைக் காட்டி ஏஜென்ட் யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். உங்களை முழு ஃபிட் என்றே வெளியே அனுப்பியிருந்தால், அதாவது 'சி'யிலிருந்து 'ஏ'வுக்கு ஏற்றிவிட்டிருந்தால், இன்றைக்கு முழங்கால் தேய்ந்திருப்பதை 1997-ஓடு கட்டுவது மிக மிகக் கடினம். கூடப் பணியாற்றிய இரண்டு பேரிடம் வாக்குமூலம் வாங்கியிருப்பதாகச் சொன்னீர்கள். வைத்திருங்கள், ஆனால் அன்றைய காகிதத்துக்கு முன் அது எடுபடாது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "2008-லிருந்து நிலுவை கணக்குப் போட்டால் பெரிய தொகை வரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வராது. 2008-ல் தர்சேம் சிங் என்கிற முன்னாள் சிப்பாயின் ஊன ஓய்வூதிய வழக்கு, 16 வருடம் தாமதமாக வந்தார். பென்சன் மாதாமாதம் நிகழ்கிற பாதிப்பு என்பதால் தாமதத்தைக் காரணம் காட்டித் தள்ள வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது, ஆனால் நிலுவையை வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் என்று வரம்பு கட்டியது. காலம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று உங்கள் மனைவி சொல்வதும் சரியில்லை. மொத்தமாகக் கிடைக்கும் என்று நீங்கள் நினைப்பதும் சரியில்லை. நிலுவையில் பாதி எனக்கு என்று பேசுகிறவர் யாராக இருந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

முன்சீஃப் கோர்ட் ஏன் வேண்டாம்

படைச் சேவை சம்பந்தப்பட்ட வழக்குகளுக்கு 2007-ல் தனிச் சட்டம் வந்து ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைத்துவிட்டார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சென்னை அமர்வு. அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய விஷயங்களில் சிவில் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சட்டத்தின் 33-வது பிரிவே சொல்கிறது. கடலூர் கோர்ட்டில் வழக்குப் போட்டால் இரண்டு மூன்று வருடம் வாய்தா வாங்கிவிட்டு, கடைசியில் 'இங்கே விசாரிக்க முடியாது' என்று வாங்கிக்கொண்டு வருவீர்கள். யாரும் எதிர்க்காமல் ஒருதலைத் தீர்ப்பு கிடைத்தாலும், ராணுவத்தைப் பிரதிவாதியாகச் சேர்க்காத தீர்ப்பு அவர்களைக் கட்டாது.

தீர்ப்பாயத்துக்கும் நேராக ஓட முடியாது. முதலில் துறைக்குள் கேட்க வேண்டும். மனு போட்டு ஆறு மாதம் பதில் இல்லை என்றால் கேட்டுப் பார்த்தாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள், அதற்கடுத்த ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் காரணம் சொல்லித் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். நீங்கள் சாதா தபாலில் அனுப்பிய இரண்டு மனுவுக்கும் சான்று இல்லாததால் அவற்றைக் கணக்கில் வைக்காமல் புதிதாகத் தொடங்குங்கள். இந்தத் தடவை ஸ்பீட் போஸ்ட் (பதிவுத் தபால் 2025-ல் அதோடு இணைந்துவிட்டது), சேர்ந்ததற்கான சான்றோடு, மனைவி பெயருக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று. இரண்டாவதை ஆர்டிஐ பதில் வந்த பிறகுதான் எழுத வேண்டும். தீர்ப்பாயத்தில் நீங்களே நின்று வாதாடலாம், வக்கீலும் வைத்துக்கொள்ளலாம். மனைவி பெயருக்கு அங்கே போக வேண்டிய நிலையே வராது என்று நினைக்கிறேன்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். அந்தச் சிவில் வழக்கு மனுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. கொடுத்திருந்தால், கோர்ட்டில் தாக்கல் ஆவதற்கு முன் அதையும், அதோடு வைத்த 1968 பிறந்த தேதி அஃபிடவிட்டையும் கையோடு திருப்பி வாங்கிவிடுங்கள்.